பாக் விரிகுடா வற்றினால் என்ன ஆகும்? என் நாவல் பிறந்த விதம்

அறிவியல் புனைகதைக்கு யோசனை எங்கிருந்து கிடைக்கிறது, அதை எப்படி நாவலாக்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாம்பன்காரன் என்று தெரிந்ததும் பலரும் என்னிடம் தனுஷ்கோடியைத்தான் எதிர்பார்ப்பார்கள். 1964 புயல், கடலில் போன ரயில், இடிந்து நிற்கும் தேவாலயம். நான் அதைத் தொடுவதில்லை, பட்டவர்கள் சொல்லட்டும். என்னை இழுப்பது எங்கள் கடலின் ஆழம், சரியாகச் சொன்னால் ஆழமே இல்லாதது. எங்கள் பாம்பன் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா பெண்கடல். பெண்கடலில் பெரும்பகுதி 15 மீட்டர்கூட வராது. சராசரியாக 9 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே கிடந்தது. அப்போது இதெல்லாம் தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம்.

மறுபடி தரையானால்? இப்போது எழுதும் நாவல் அந்தக் கேள்விதான்.

கேள்வி கிடைத்ததும் நான் கதை எழுத உட்காருவதில்லை, கணக்குப் போடுவேன். (பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், பழக்கதோஷம்.) முதலில் கடல்மட்டத்தை 15 மீட்டர் இறக்கிப் பார்த்தேன். உலகக் கடல்களின் பரப்பு 36 கோடி சதுர கிலோமீட்டர். அதில் 15 மீட்டர் நீர் என்றால் 54 லட்சம் கன கிலோமீட்டர். அவ்வளவையும் பனியாக எங்கேயாவது அடுக்க வேண்டும். கிரீன்லாந்தின் மொத்தப் பனியே சுமார் 29 லட்சம்தான். இரண்டு கிரீன்லாந்தை ஒரு மனிதனின் ஆயுளுக்குள் உறைய வைக்க என்னால் முடியாது. யோசனை செத்தது.

அப்புறம் சுவர் கட்டி விரிகுடாவை அடைத்து, வெயிலில் வற்ற விட்டுப் பார்த்தேன். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே ஒன்று, ராமர் பாலத்தின் மேல் ஒன்று, பாம்பன் கால்வாயில் சின்னதாய் ஒன்று. எங்கள் வெயிலுக்கு வருடத்தில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆவியாகும், மழை ஒரு மீட்டர் திருப்பிக் கொடுக்கும் என்று தோராயமாக வைத்தேன். வைகையை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். காவிரி டெல்டா வடிகால் தண்ணீரைச் சேர்த்தாலும், சுவர் கட்டிய வருடம் பிறந்த குழந்தைக்குக் கல்யாண வயது வருவதற்குள் கடல் காலி. நாவலுக்கு ஏற்ற காலம். மிச்சம் என்ன? 9 மீட்டர் கடல்நீரில் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் உப்பு. பரப்பினால் அரை அடி கனம். மண்டபம் முதல் மன்னார் வரை உப்பளம்! இந்த இடத்தில்தான் எனக்கு நாவல் கிடைத்தது. அந்த உப்பு யாருடையது? 1974-இல் இந்தியாவும் இலங்கையும் கடலில் போட்ட எல்லைக்கோடு தரையில் எப்படி இருக்கும், வேலியா, செக்போஸ்டா? மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் உப்புத்தூள் யார் ஊருக்குப் போகும்?

இதை அறையில் உட்கார்ந்து யோசித்தால் வறட்டுத்தனமாக வரும். அதனால் ஊரில் சொல்லிப் பார்ப்பேன். மீனவர்கள் சிரித்தார்கள். பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் மட்டும், "அப்ப நாங்க எங்க தம்பி முங்குறது? சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்கள விடுவாங்களா?" என்றார். சுவரில் வாசல் வைக்க வேண்டும், அதற்கு பாஸ் வேண்டும், பாஸ் கொடுக்க ஒரு ஆபீஸ் வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கதாநாயகி அந்த ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்பதுதான் இப்போது முதல் அத்தியாயம்.

எழுதும் முறை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரி எழுதுவேன், கையால். மேலே போட்ட கணக்கில் அந்த அரை அடி மட்டும்தான் நாவலுக்குள் வரும், அதுவும் ஒருத்தி கடப்பாரையால் குத்திப் பார்க்கும்போது. மற்றதெல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும். விஞ்ஞானி பாத்திரம் எழுந்து நின்று வகுப்பெடுக்கும் நாவல்களை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஆவுளியா, அதாவது கடல்பசு, கடற்புல் மேய்ந்து வாழ்வது. நீர் வற்ற வற்றப் புல் போய்விடும். அவற்றைச் சுவருக்கு வெளியே கடத்த வேண்டுமென்றால் முன்னூறு நானூறு கிலோ விலங்கைத் தூக்க வேண்டும், படகு மிதக்கவும் ஆழம் இருக்காது. லாரி விடலாமா என்று பார்க்கிறேன், ஆனால் ஈரச் சேற்றில் லாரி புதையும்.