டேக் 200, தேடினால் ஒன்றும் இல்லை

கேள்வி: மூன்று வருடமாக ஒரு நோட்ஸ் செயலியில் குறிப்பு எழுதி வருகிறேன். டேக் (வகை பிரிக்கக் குறிப்பில் ஒட்டும் # சொல்) மட்டுமே 200 சேர்ந்துவிட்டது. தேடினால் எதுவும் சிக்குவதில்லை. வெறும் டெக்ஸ்ட் ஃபைலுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: மாறுங்கள். செயலி நாளைக்கே நின்றுபோனாலும் டெக்ஸ்ட் ஃபைலை எதிலும் திறக்கலாம். யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளைக் கெடாமல் வைக்கும் குறியீட்டு முறை) ஆகச் சேமியுங்கள். ஃபைல் பெயரை 2025-03-14 என்று ஆண்டில் தொடங்கினால், பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். புதுக் குறிப்புகளுக்கு ஃபோல்டர் ஒன்று போதும்.

ஆனால் அந்த 200 டேக்கையும் மூட்டை கட்டிக்கொண்டு வராதீர்கள். குறிப்பிலேயே இருக்கும் சொல்லுக்கு டேக் எதற்கு? அதைத் தேடலே எடுத்துக் கொடுத்துவிடும். என் குறிப்பு ஒன்று:

குழாய் கசிவு. வாஷர் மாற்றியாச்சு. மறுபடி கசிந்தால் குழாயையே மாற்றணும்.
#வீடு #ரிப்பேர்

இதில் 'குழாய்' டேக் இல்லை, கவனித்தீர்களா? குறிப்பில் இல்லாத 'வீடு'தான் டேக்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்றுதான் எழுதுவோம். 'வீடு' என்று தேடினால் அவை வராது. அதனால் டேக்கை உருபு ஒட்டாமல் கடைசி வரியில் தனியாகப் போடுங்கள். வாக்கியத்துக்கு நடுவே போட்டால் கை தன்னால் #வீட்டுக்கு என்று எழுதிவிடும். ரொம்பக் குட்டிச் சொல்லும் வேண்டாம். #வரி என்று தேடினால் #வரிசையும் வந்து நிற்கும். #வருமானவரி என்றே வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் #தொழில் மட்டும் அகப்படவில்லையா? 'தொ'வில் உள்ள குறியைக் கணினி ஒரே எழுத்துக்குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, சில தேடல்களுக்குத் தெரியும். வேறு இடத்திலிருந்து ஒட்டிய டேக்கில்தான் பெரும்பாலும் இது வரும். அழித்துவிட்டு உங்கள் கீபோர்டிலேயே அடியுங்கள்.

டேக்குகள் இருபதுக்குள் நிற்கட்டும். பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, புதிதாக ஒன்று போடும் முன் அதைப் பாருங்கள். #செலவு, #செலவுகள் என்று இரண்டு முளைப்பது அப்படிப் பார்க்காததால்தான்.

பழைய குறிப்புகளை உட்கார்ந்து சீர் செய்ய வேண்டாம். அப்படியே 'பழசு' ஃபோல்டரில் கொட்டிவிடுங்கள். என்றைக்காவது ஒன்றைத் தேடித் திறந்தால், அன்றைக்கு அதற்கு மட்டும் டேக் போட்டு வெளியே எடுங்கள்.