கவனிப்புக் குறிப்பு திரும்பி வந்ததா?

வணக்கம். ஆசிரியர் பயிற்சியின் முதல் பருவத்தில் எழுதிய வகுப்பறைக் கவனிப்புக் குறிப்பை, 'கவனிப்பே இல்லை, கருத்துதான் இருக்கிறது' என்று உங்கள் பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் காட்டியிருக்கும் வரியிலேயே காரணம் தெரிகிறது: 'மாணவர்கள் ஆர்வமில்லாமல் இருந்தார்கள்.' அது உங்கள் தீர்ப்பு. கண்ணில் பட்டது என்ன? 'பின்வரிசையில் 4 பேர் நோட்டைத் திறக்கவில்லை' என்பதுதான் கவனிப்பு.

தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், எத்தனை மணிக்கு என்ற குறிப்போடு, நடந்தது மட்டும். வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியது. அதை வகுப்பு முடிந்த பிறகே நிரப்புங்கள். முதலில் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

என்ன கவனிப்பது என்று குழம்பினால், ஆசிரியர் கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று எண்ணுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் இதைத்தான் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். 3 விநாடி பொறுத்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. எண்ணிப் பார்த்தால் 'ஆர்வமின்மை' வேறு மாதிரித் தெரியலாம்.

அப்புறம், பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம் என்று பாடத்தில் படித்த கல்விக் கோட்பாட்டாளர்கள் எல்லாரையும் ஒரே பக்கத்தில் திணிக்காதீர்கள். தோழி ஒரு குறிப்பு கொடுத்ததும் ஒரு சிறுமி கணக்கை முடித்தாளா? அந்த இடத்தில், பிறர் உதவியோடு கற்பதைப் பற்றிச் சொன்ன வைகாட்ஸ்கி ஒருவர் போதும்.