ஜூம் செய்தால் படம் சதுரம் சதுரமாக உடைகிறதே?

கேள்வி: மாண்டல்பிராட் கணத்தை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்திக் கூட்டி வரையும், எவ்வளவு பெரிதாக்கினாலும் நுணுக்கம் தீராத படம்) ஜாவாஸ்கிரிப்டில் வரைந்து, மவுஸ் வீலை உருட்டினால் பெரிதாகும்படி செய்திருக்கிறேன். உருட்டும்போதெல்லாம் பக்கம் உறைந்துவிடுகிறது. ரொம்ப ஆழமாகப் போனால் படம் சதுரங்களாக உடைகிறது. மொத்தத்தையும் ஜிபியுவுக்கு (கிராபிக்ஸ் சிப்புக்கு) மாற்றி எழுதிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு சிக்கல்கள். ஜிபியு முதலாவதைத் தீர்க்கும். இரண்டாவதை இன்னும் சீக்கிரமே வரவழைக்கும்.

சதுரங்கள் வருவது எண்களின் துல்லியம் தீர்ந்துபோவதால். ஆயிரம் பிக்சல் அகலத்தில் 3.5 அலகு தெரிகிறது என்றால், ஒரு பிக்சலுக்கு 0.0035. ஜாவாஸ்கிரிப்டின் 64 பிட் எண்ணுக்குச் சுமார் 16 இலக்கம்தான் தாங்கும். ஏறக்குறைய 30 லட்சம் கோடி மடங்கு பெரிதாக்கியதும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு ஒரே எண் வந்துவிடும், அதுதான் சதுரம். உலாவியிலிருந்து ஜிபியுவில் ஓட்டும் நிரலான வெப்ஜிஎல் ஷேடரில் கிடைப்பது 32 பிட் எண். அதில் இதே கதை 60 ஆயிரம் மடங்கிலேயே நடந்துவிடும்!

ஓர் எச்சரிக்கை: ஆழத்தில் விளிம்புகள் சதுரமாக இல்லாமல் கறுப்புத் திட்டாகக் கொழகொழவென்று தெரிந்தால் அது துல்லியக் கோளாறு அல்ல. ஒரு புள்ளிக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று வர்க்கப்படுத்திக் கூட்டுவது என்ற உச்சவரம்பு போதவில்லை. ஜூம் கூடக்கூட அந்த வரம்பையும் கூட்டுங்கள். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, உறைவதற்கு வருவோம். ஆயிரத்துக்கு அறுநூறு என்றால் 6 லட்சம் பிக்சல். வரம்பு ஆயிரம் சுற்று என்றால், கணத்துக்குள் விழும் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் (அதன் எண் எல்லை தாண்டி வளர்வதே இல்லை என்பதால்) ஆயிரத்தையும் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நடுவில் இருக்கும் இதய வடிவத்தையும், அதன் இடப்பக்கம் −1-ஐ மையமாகக் கொண்ட கால் அலகு ஆர வட்டத்தையும் சூத்திரம் போட்டே விலக்கிவிடலாம். முழுப் படம் தெரியும்போது இதுவே பெரிய மிச்சம்.

அப்புறம், கணக்கை வெப் வொர்க்கருக்கு (பக்கத்தை உறையவிடாமல் பின்னணியில் ஓடும் நிரலுக்கு) தள்ளுங்கள். வீல் உருண்டதும் பழைய படத்தையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டிவிட வேண்டும். 8 பிக்சலுக்கு ஒரு புள்ளி என்று முரட்டுப் படம் வரட்டும். நுணுக்கம் பிறகு நிரம்பட்டும். இங்கே ஒரு பொறி உண்டு: வொர்க்கர் லூப்பில் இருக்கும்போது 'நிறுத்து' என்ற செய்தியைப் படிக்காது. அதனால் வேலையைச் சின்னச் சின்னப் பட்டைகளாக அனுப்புங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் கொடுத்து, பழைய எண்ணோடு வரும் பட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னும் ஆழம் வேண்டுமானால் வழி இருக்கிறது. ஒரே ஒரு புள்ளியை மட்டும் நீண்ட இலக்கங்களில் கணக்கிட்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து விலகும் வித்தியாசமாகச் சாதாரண எண்ணிலேயே கணக்கிடலாம். 2013-இல் கே. ஐ. மார்ட்டின் பரப்பிய முறை இது. அதில் வரும் பிழைத் திட்டுகளைத் திருத்துவது தனி வேலை. இப்போதைக்கு 10 லட்சம் கோடி மடங்கில் ஜூமைப் பூட்டிவிடுங்கள் என்பேன்.

சோதிக்க −0.75, 0.1 பக்கம் போங்கள். கடல்குதிரை வால் போன்ற சுருள்கள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. வரம்பு குறைவாக இருந்தால் அங்கே உடனே தெரிந்துவிடும்.