சிறைக்குப் பதில் வீட்டுக்காவல் கொடுப்பது தண்டனையா, சலுகையா?

"வீட்டில் ஃபேன் போட்டுக்கொண்டு அம்மா கையால் சாப்பிடுவதெல்லாம் ஒரு தண்டனையா" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை என்று நினைக்கிறேன். போகவும் வேண்டாம்.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். வரப்புத் தகராறில் என் அண்ணன் பக்கத்து நிலத்துக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டான். அவருக்கு வலது கை இன்றைக்கும் சரியாக மடங்காது. அண்ணனுக்கு ஏழு வருஷம், வேலூர் தொரப்பாடி ஜெயில். அவன் செய்தது தப்பு, கோர்ட் கொடுத்த தண்டனை சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "அடிபட்டவர் குடும்பத்தை நினைத்தாயா" என்று கேட்க நாலு பேர் வருவீர்கள். நினைக்காத நாளில்லை. ஆனால் அந்த நிலத்தை அளந்து கல் நட்டுத் தரச் சொல்லிப் பணம் கட்டி இரண்டு வருஷம் அலைந்தோம், செவ்வாய்க்கிழமை வா, சர்வேயர் லீவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றே ஓட்டினார்கள். சண்டை நடந்து கேஸ் ஆன பிறகு பதினைந்தே நாளில் வந்து அளந்தார்கள். கல் நட்ட இடத்தைப் பார்த்தால் இரண்டு பேருமே ஆளுக்கு ஒரு முழம் தப்பு. அந்தக் கல்லை முன்னாடியே நட்டிருந்தால் அவர் கையும் நன்றாக இருந்திருக்கும், இவனும் வீட்டில் இருந்திருப்பான். இதை எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது அண்ணனுக்கு ஆறு நாள் அவசர விடுப்பு கிடைத்தது. வழிக்காவலுக்கு ஒரு ஏட்டு, இரண்டு கான்ஸ்டபிள். எழுதிக் கொடுத்த விலாசத்தை விட்டு அவன் நகரக் கூடாது. இது சட்டப்படி வீட்டுக்காவல் இல்லை, பரோல்தான், தெரியும். ஆனால் ஒரு வீட்டுக்குள் ஆளை வைத்துக் காவல் காப்பது எப்படி இருக்கும் என்று அந்த ஆறு நாளில் பார்த்துவிட்டேன்.

எங்களுடையது ஒரு அறையும் தறி போட்ட கூடமும்தான். கக்கூஸ் பின்பக்கம். அவன் எழுந்தால் ஒரு கான்ஸ்டபிளும் எழுந்து பின்னாலேயே போவார். வயசுக்கு வந்த என் பெண் அந்த ஆறு நாளும் பக்கத்து வீட்டில்தான் குளித்தாள். சொந்தக்காரர்கள் வாசல் வரைக்கும் வந்து போலீஸைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். தண்ணீருக்கு எங்கள் தெரு வழியாக வரும் அடிபட்டவருடைய மனைவி, அந்த ஆறு நாளும் குடத்தோடு சுற்றுவழியாகப் போனார். வீட்டுக்காவல் வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூட அந்த அம்மாவைப் பற்றி யோசிப்பதில்லை.

நாலாவது நாள் ராத்திரி அம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. அண்ணன் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஏட்டய்யா குறுக்கே நின்று, "தம்பி, நீ படி தாண்டினா என் வேலை போயிடும்பா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கண் கலங்கித்தான் சொன்னார், யார் யாருக்கோ போன் போட்டும் பார்த்தார். அனுமதி வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் அம்மாவை ஆட்டோவில் ஏற்றினார்கள். பக்கவாதத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு ஒழுங்காக வந்த சொல் ஒன்றே ஒன்று, "நைனா". அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார். வழி முழுக்க அதையே சொன்னார். பின்னாலேயே வந்துனு இருக்கான்மா என்று பொய் சொன்னேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2021 மே மாதம் மனித உரிமைச் செயல்பாட்டாளர் கௌதம் நவ்லகாவின் வழக்கில், பொருத்தமான வழக்குகளில் வயது, உடல்நிலை, குற்றத்தின் தன்மை பார்த்து விசாரணைக் கைதியை வீட்டுக்காவலில் வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தண்டனைக் கைதிகளுக்கு அதைக் கொண்டுவருவது பற்றி சட்டமன்றங்கள்தான் யோசிக்க வேண்டும் என்று விட்டுவிட்டது. அப்புறம் 2022 நவம்பரில் அவருக்கே வீட்டுக்காவல் கிடைத்தது, வாசலில் கேமரா, இன்டர்நெட் இல்லாத போலீஸ் போன், அதுவும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். காவலுக்கான செலவும் அவர் தலையில்தான். முதலில் 2.4 லட்சம் கட்டச் சொன்னார்கள், பிறகு வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு அமைப்பு (NIA) 1.64 கோடி பாக்கி என்றது, 2024 மே மாதம் ஜாமீன் கொடுத்தபோது 20 லட்சம் கட்டச் சொன்னது கோர்ட். எங்கள் தறியில் எத்தனை ஜென்மம் லுங்கி நெய்தால் 20 லட்சம் வரும்?

எங்கள் வேலூர்க் கோட்டையிலேயே கண்டியின் கடைசி ராஜாவை 1816 முதல் 1832இல் சாகும்வரை குடும்பத்தோடு காவலில் வைத்திருந்தார்கள். ராஜாவுக்குக் கோட்டை இருந்தது. ஒற்றை அறை வீட்டுக்காரனுக்கு இதைக் கொடுப்பதானால் காவல் செலவு அரசாங்கத்துடையது என்று சட்டத்தில் எழுதட்டும், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடம் அனுமதி கேட்பது என்பதையும் எழுதட்டும். அப்படியென்றால் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயம் கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

அம்மாவை அடுக்கம்பாறை பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாவது நாள் அண்ணனை வேனில் ஏற்றித் தொரப்பாடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அடுக்கம்பாறை கொஞ்ச தூரம்தான். வீட்டில் இருந்ததைவிட ஜெயிலில்தான் அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான். அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கப் போனபோது, ஆஸ்பத்திரியில் ராத்திரி அம்மா பக்கத்தில் யார் படுத்தது என்றுதான் முதலில் கேட்டான்.