பல் மருத்துவப் படிப்பில் தடுமாறும் மகள்: யாரிடம் போவது, எதை முதலில் செய்வது?

கேள்வி: என் மகள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தொடக்கக்கல்லூரி வரை முன்னணி மாணவி. இப்போது பயிற்சிக்கூடத்தில் பொம்மைத் தலையில் பல்லைக் குடையும் தேர்வுகளில் தொடர்ந்து குறைந்த மதிப்பெண்தான். கை நடுங்குகிறது என்கிறாள், விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் படுக்கிறாள், படிப்பையே விட்டுவிடப் போகிறேன் என்கிறாள். தினமும் ஈசூனிலிருந்து போய்வருகிறாள். ஆலோசகரைப் பார்க்கச் சொன்னால், அது பதிவில் ஏறிவிடும், பின்னாளில் பல் மருத்துவராகப் பதிந்துகொள்ள முடியாது என்று பயப்படுகிறாள். கட்டணத்துக்கு என் கணவரின் மத்திய சேமநிதியைப் பயன்படுத்துகிறோம். நாங்கள் போய் முதல்வரிடம் பேசலாமா?

பதில்: முதல்வரிடம் நீங்கள் போகவேண்டாம். உங்கள் மகளின் சம்மதம் இல்லாமல் அவருடைய மதிப்பெண், வருகை, உடல்நலம் எதைப் பற்றியும் பல்கலைக்கழகம் உங்களிடம் பேசாது. கட்டணம் கட்டுவது பெற்றோர் என்பதால் இந்த நடைமுறை மாறாது. சிறிய வகுப்பு அது. அம்மா வந்து போன செய்தி பரவினால் மகள் இன்னும் ஒதுங்கிக்கொள்ளக்கூடும். உங்கள் வேலை வீட்டில் இருக்கிறது.

இன்றிரவே செய்யவேண்டியது ஒன்று. தூக்கம் கெட்டு, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று பேசும் பிள்ளையிடம், “உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் மழுப்பினாலோ தனியாக விடாதீர்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்கான 24 மணிநேர நெருக்கடி எண் 6516 7777. தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்.ஓ.எஸ்.ஸின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771. உயிருக்கே ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. இதற்கு நீங்களே அழைக்கலாம், யார் சம்மதமும் தேவையில்லை.

அப்படி எதுவும் இல்லை என்றால், அவருடைய சிக்கலைப் பிரித்துப் பார்க்கவேண்டும். மனச்சோர்வு, கைத்திறன், பயண அலுப்பு, பணக்கவலை என நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய இடம் வேறு. கைத்திறனுக்கு ஆலோசகரிடம் போனால் அவரால் ஒன்றும் செய்யமுடியாது. தூக்கமின்மைக்குப் பயிற்சிக்கூட ஆசிரியரிடம் போனால் “இன்னும் கொஞ்சம் பயிற்சி செய்” என்பார், தூக்கம் இன்னும் குறையும்.

முதலில் ஆலோசனை பற்றிய பயம். பல்கலைக்கழகத்தின் ஆலோசனைச் சேவை மாணவர்களுக்கு இலவசம். அங்குள்ள குறிப்புகள் கல்விப் பதிவேட்டில் சேர்க்கப்படுவதில்லை, ஆசிரியர்களின் கண்ணுக்கும் போவதில்லை. தனக்கோ பிறருக்கோ உயிராபத்து இருந்தாலோ, சட்டம் கேட்டாலோதான் ரகசியம் தளரும். முதல் சந்திப்பிலேயே ஆலோசகர் இந்த வரம்புகளைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் மகளே கேட்கலாம். பல் மருத்துவராகப் பதியும் நேரத்தில் பார்க்கப்படுவது, நோயாளிக்குப் பாதுகாப்பாகச் சிகிச்சை அளிக்கும் தகுதியைக் கெடுக்கும் நிலை ஏதும் உண்டா என்பதைத்தான். இருபது வயதில் ஆலோசகரைப் பார்த்தது தடையாகாது. கவனிக்காமல் விட்ட மனச்சோர்வுதான் பின்னாளில் தகுதியைப் பாதிக்கும்.

பல்கலைக்கழகச் சுகாதார நிலையம் லோவர் கென்ட் ரிட்ஜ் சாலையில் உள்ளது. பல் மருத்துவக் கட்டடமும் அதே சாலையில்தான். அங்கே தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்பட்டால், மனநலக் கழகம் இளையர்களுக்காக நடத்தும் ‘சாட்’ சேவையை நாடலாம். 16 முதல் 30 வயது வரையிலானவர்களுக்கு அங்கே மனநலச் சோதனை இலவசம். பல்கலைக்கழகத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

இனி கை நடுக்கம். இரண்டாம் ஆண்டிலேயே “எனக்குக் கை வராது” என்று தீர்ப்பெழுதுவது மிக அவசரம். எல்லோருடைய கையும் இயல்பாகவே நுட்பமாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தூக்கக் குறைவு, காப்பி, பதற்றம், கருவியை இறுக்கிப் பிடிப்பது ஆகிய நான்கும் அதைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் மருந்தும் கையை நடுங்க வைக்கும். சும்மா இருக்கும்போதும் நடுக்கம், கூடவே படபடப்பு, சாப்பிட்டும் எடை குறைவது, அதிக வியர்வை என்று இருந்தால் தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இளம்பெண்களிடம் இது அரிதல்ல. சுகாதார நிலையத்து மருத்துவரோ பலதுறை மருந்தகமோ போதும்.

நோய் எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் விரலை ஊன்றும் இடம்தான். கருவியைப் பேனாபோல் பிடித்து, மோதிர விரலை அருகிலுள்ள கடினமான பல்லின்மேல் ஊன்றவேண்டும். கன்னத்திலோ உதட்டிலோ ஊன்றினால் அது நழுவும், கை அந்தரத்தில் தொங்கும். தொங்கும் கை நடுங்காமல் என்ன செய்யும்? அடுத்தது இருக்கை. பொம்மைத் தலையின் வாய் முழங்கை உயரத்தில் இருக்கவேண்டும். பல மாணவர்கள் அதை உயரத்தில் வைத்துத் தோளைத் தூக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பொம்மை புகார் சொல்வதில்லை, ஆகவே தவறு யாருக்கும் தெரிவதில்லை. மேல்தாடைப் பற்களை நேராகப் பார்க்க முயன்று கழுத்தை ஒடிப்பது இன்னொரு பழக்கம். கண்ணாடியில் பார்த்துச் செய்யப் பழகாதவர்கள் எல்லோரும் இதில் சிக்குவார்கள். வீட்டிலேயே, முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி தாளில் கட்டங்கள் வரைவதை நாளுக்குப் பத்து நிமிடம் செய்தால் சில வாரங்களில் கை பழகிவிடும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். “பத்துக்கு நான்கு” என்ற எண்ணில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போனது என்பதுதான் முக்கியம். இரண்டு பற்கள் தொட்டுக்கொள்ளும் பக்கத்தில் போடும் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக மூன்று இடங்களில் மதிப்பெண் போகும். பக்கத்துப் பல்லைத் துளைமுனை கீறிவிடும், குழியின் பெட்டி போன்ற பகுதியின் அடித்தளம் சரிந்துவிடும், ஆழம் கூடிவிடும். முதலாவதற்கு, இரண்டு பற்களுக்கும் நடுவே மெல்லிய உலோகப் பட்டையைச் செருகிவிட்டுத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆழத்துக்கு, மில்லிமீட்டர் குறியிட்ட ஈறு அளவுகோலால் ஒவ்வொரு கட்டத்திலும் தானே அளந்து, ஆசிரியர் பார்ப்பதற்குமுன் தன் மதிப்பெண்ணைத் தானே எழுதி வைக்கவேண்டும். ஆசிரியரின் மதிப்பெண்ணும் தன்னுடையதும் எங்கே வேறுபடுகிறது என்று பார்த்தால், கை தவறா கண் தவறா என்பது புரிந்துவிடும். பெரும்பாலும் கண்தான். பிளாஸ்டிக் பல் உண்மைப் பல்லின் எனாமலைவிட மென்மையானது. அழுத்திக் குடைந்தே பழகியவர்களுக்கு அதில் ஆழம் சட்டென்று கூடிவிடும். தூரிகையால் வருடுவதுபோல் தொட்டுத்தொட்டு எடுக்கவேண்டும்.

இதற்காக மகள் எழுதவேண்டியது பயிற்சிக்கூடப் பொறுப்பாசிரியருக்கு ஒரு சிறு மின்னஞ்சல். “எனக்குச் சிரமமாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் ஆறுதல்தான் திரும்பிவரும். எந்தெந்தத் தேர்வு, எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போனது, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். வேண்டியது என்னவென்றால், பாடவேளைக்கு வெளியே பயிற்சிக்கூடம் திறந்திருக்கும் நேரம், பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்ட ஒரு ஆசிரியர், அடுத்த தேர்வுக்குமுன் மதிப்பெண் சேராத ஓர் ஒத்திகை. பயிற்சி வாரத்துக்கு மூன்றுமுறை, முக்கால் மணிநேரம் வீதம் போதும். வெள்ளிக்கிழமை இரவு நான்கு மணிநேரம் தொடர்ச்சியாகச் செய்வதில் கடைசி இரண்டு மணிநேரம் தவறைத்தான் மனப்பாடம் செய்கிறது.

பார்வையைப் பெரிதாக்கும் லூப் கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். உடனே வாங்கித் தராதீர்கள். அதன் விலை ஆயிரங்களில் போகும். மகள் சரியான நிலையில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்துதான் அதைச் செய்யவேண்டும். குனிந்த நிலையில் அளந்தால் படிப்பு முடியும்வரை குனிந்தே இருக்கவேண்டியதுதான். முதலில் உட்காரும் முறை திருந்தட்டும்.

கவனக்குறைபாடு, எழுத்துக் குறைபாடு போன்ற நிலை முன்பே கண்டறியப்பட்டிருந்தாலோ, இருக்குமோ என்று சந்தேகப்பட்டாலோ மாணவர் அணுகல் ஆதரவுப் பிரிவு இருக்கிறது. நிபுணரின் அறிக்கை தேவைப்படும். தேர்வு வாரத்தில் போய் நிற்காமல் பருவத் தொடக்கத்திலேயே போகவேண்டும். எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளைச் செய்வார்கள். நோயாளிக்குச் சிகிச்சை செய்யும் அடிப்படைத் திறனில் மட்டும் தளர்வு கிடைக்காது.

தூக்கமின்மையைத் தள்ளிப்போட முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. மூன்றாம் ஆண்டில் உண்மையான நோயாளிகள். களைத்த கையில்தான் ஊசி குத்தும். குத்தினால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவவேண்டும், பிதுக்கக்கூடாது, பிளீச் ஊற்றக்கூடாது. உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவெடுத்தால் சில மணிநேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணிநேரம் தாண்டினால் பயனில்லை. மாத்திரை 28 நாள். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி 10 அலகைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்த அறிக்கையை இப்போதே தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மதிப்பெண் போய்விடும் என்று ஊசிக்குத்தை மறைக்கும் மாணவர்கள் உண்டு. முழுச் சேவையும் தயாராக இருந்தும் பயன்படாமல் போவது இப்படித்தான்.

படிப்பை விடுவது பற்றி. விலகுவதற்குமுன் விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக விடுப்பு எடுத்தால் இடம் பறிபோகாது. ஆனால் இந்தப் படிப்பில் பாடங்கள் ஆண்டு முழுக்க ஓடுவதால், நடுவில் எடுக்கும் விடுப்பு பெரும்பாலும் அடுத்த ஆண்டு மாணவர்களோடு சேர்வதில் முடியும். எந்தத் தேதிக்குள் எடுத்தால் எந்தப் பாடம் மிஞ்சும் என்பதைத் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். ஒரேயடியாக விலகுவதானால், சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அரசாங்கக் கட்டண மானியத்தோடு பல் மருத்துவம் படிப்பவர்களுக்குப் படிப்பு முடிந்தபின் கட்டாயப் பணிக்காலம் உண்டு, சிங்கப்பூரர்களுக்கு அது 4 ஆண்டு. பாதியில் விட்டால் என்ன தொகை, யார் ஜாமீன் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆலோசகரை இரண்டு மூன்றுமுறையாவது பார்த்து, தூக்கம் ஓரளவு சீரான பிறகே இந்த முடிவை எடுக்கவேண்டும் என்று மகளிடம் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

ஈசூனிலிருந்து ரயிலில் பீஷான் வந்து வட்டப் பாதை ரயிலுக்கு மாறி கென்ட் ரிட்ஜ் போவதற்கு, நடையும் சேர்த்து ஒருவழிக்கே ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். காரணத்தில் தூரத்தோடு உடல்நலத்தையும் எழுதி, சுகாதார நிலையத்துக் கடிதம் ஒன்றை இணைப்பது நல்லது. விடுதியில் தனிமையாகிவிடுவாளோ என்று தோன்றினால், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை இருக்கிறது. பல் மருத்துவம் தவிர வேறு பேச்சும் காதில் விழும்.

கடைசியாகப் பணம். ஆண்டுக்கு 30,000 வெள்ளியை ஒட்டிய கட்டணம். சேமநிதிக் கல்விக் கடன் உங்கள் கணவரின் மத்திய சேமநிதிச் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது, அதை வட்டியோடு மகள்தான் திருப்பிப் போடவேண்டும். படிப்பை முடித்தோ விட்டோ ஓராண்டு ஆனதும் தவணை தொடங்கும். விட்டுவிட்டால் கடன் போய்விடாது, முன்கூட்டியே வரும். மீதி ஆண்டுகளுக்குக் கல்வியமைச்சின் கட்டணக் கடனைப் பாருங்கள். மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. 30,000 வெள்ளிக்கு 27,000 கடனாகும், கையிலிருந்து போவது 3,000. உத்தரவாதம் தர ஒருவர் வேண்டும்.

கடனுக்குமுன் உதவிநிதிக்கு விண்ணப்பியுங்கள், அதைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை. தகுதியைத் தலைக்கு விழும் வருமானத்தை வைத்துப் பார்ப்பார்கள். அதாவது வீட்டின் மொத்த மாத வருமானம் வகுத்தல் வீட்டில் உள்ளவர்கள். இதில் நம் குடும்பங்கள் செய்யும் தவறு, ஒரே முகவரியில் இருக்கும் தாத்தா பாட்டியை விட்டுவிடுவது. ஐந்து பேர் என்று எழுதுவதற்கும் நான்கு என்று எழுதுவதற்கும் தகுதிப் பிரிவே மாறிவிடலாம். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, இந்து அறக்கட்டளை வாரியம் இரண்டிலும் இந்த ஆண்டின் உதவிநிதித் தகுதியைக் கேட்டு வையுங்கள். விண்ணப்பக் காலம் குறுகியது, ஆகவே சம்பளச் சீட்டுகளை முன்கூட்டியே சேகரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதையும் நீங்களும் உங்கள் கணவரும் எடுத்துக்கொள்ளலாம். மகள் கையெழுத்துப் போட்டால் போதும்.