ஹாட் ஹேட்சில் கம்பெனி எங்கே கை வைக்கிறது, நாம் எங்கே கை வைக்கலாம்?

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற ஹாட் ஹேட்ச் (வலுவான எஞ்சின் பொருத்திய ஹேட்ச்பேக்) கார்களில் தயாரிப்பாளர்கள் செலவைக் குறைத்த இடங்கள் எவை? சின்னச் சின்ன அழகு மாற்றங்களில் எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது?

ஷோரூமில் பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் இடத்தில்தான் கம்பெனி மிச்சம் பிடிக்கும். கண்ணில் படும் இடத்தில் சிவப்புக் கோடும் பளபளப்பும் ஏறிக்கொண்டே போகும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதை நேர் எதிர்த்திசையில் செலவழியுங்கள் என்பது என் கட்சி. தினமும் கை படும், காதில் விழும் இடங்களுக்கே முதல் பங்கு. வெளியே ஒட்டுகிற சமாச்சாரமெல்லாம் பிறகு.

இந்த வகைக் கார் பிறந்ததே ஒப்பனையோடுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன் எஞ்சின். ஆனால் மக்கள் மனதில் நின்றது கிரில்லைச் சுற்றிய சிவப்புக் கோடு, கட்டம்போட்ட சீட் துணி, கோல்ஃப் பந்து போன்ற கியர் குமிழ். பின்னிரண்டும் ஃபோக்ஸ்வாகனில் பணியாற்றிய குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளரின் யோசனை. 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கிய திட்டம் அது. துணியும் குமிழும் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்று அன்றைக்கே தெரிந்துபோனது. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் அதே கணக்குதான். 2021-ல் வந்தபோது சாதாரண ஐ20 டர்போவின் அதே 1.0 லிட்டர், 120 பிஎஸ் எஞ்சின். சஸ்பென்ஷனை இறுக்கி, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் கொடுத்தார்கள். மீதி வித்தியாசமெல்லாம் சிவப்புக் கோடுகளும் இரட்டை எக்ஸாஸ்ட் முனையும்தான்.

சிக்கனத்துக்குப் பாடநூல் உதாரணம் வேண்டுமென்றால் 8ஆம் தலைமுறை கோல்ஃப். கார் 2019 இறுதியில் அறிமுகமானது, அதன் ஜிடிஐ 2020-ல் வந்தது. முன் கதவின் மேல்பகுதி மெத்தென்று இருக்கும், பின் கதவில் அதே இடம் கெட்டி பிளாஸ்டிக். பானட்டைத் தூக்கிப் பிடிக்க கேஸ் ஸ்ட்ரட் (வாயு அடைத்த தாங்கு குழாய்) கிடையாது, ஒரு கம்பி. திரைக்குக் கீழே ஏசி வெப்பத்துக்கும் ஒலிக்கும் தொட்டு நகர்த்தும் ஸ்லைடர், அதில் இரவுக்கு விளக்கு இல்லை. ஜிடிஐ ஸ்டீயரிங்கில் அழுத்தும் பட்டனுக்குப் பதில் தொடுபரப்பு. இதில் கடைசி இரண்டும் ‘எதிர்காலம்’ என்ற பெயரில் விற்கப்பட்டவை. திட்டு தாங்காமல் 2024 ஃபேஸ்லிஃப்டில், அதாவது 8.5-ல், ஸ்லைடருக்கு விளக்கு கொடுத்து ஸ்டீயரிங்கில் பழைய பட்டன்களைக் கொண்டுவந்தார்கள். கையோடு மேனுவல் கியரையும் எடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு 2025 மே மாதம் 53 லட்ச ரூபாய் ஷோரூம் விலைக்கு இறக்குமதியாக வந்தது இந்த 8.5 தான்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் செலவு சத்தத்துக்கு. கெட்டி பிளாஸ்டிக்கோடு கெட்டி பிளாஸ்டிக் உரசுவதுதான் பெரும்பாலான கடகட சத்தத்துக்குக் காரணம். இறுக்கமான சஸ்பென்ஷன் அதை இரட்டிப்பாக்கும். ஒருவர் மெதுவாக ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு பேனலாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் நோய். டோர் பேடைக் கழற்றும் முன் டிக்கியிலிருந்து தொடங்குவது நல்லது. பார்சல் ஷெல்ஃபின் காதுகள் அமரும் குழி, பின் சீட் பெல்ட் கொக்கி, நம்பர் பிளேட்டின் பின்புறம், டிக்கிக் கதவின் இரண்டு ரப்பர் பம்ப் ஸ்டாப் ஆகிய நான்கும்தான் அடிக்கடி மாட்டுபவை. பம்ப் ஸ்டாப்பைத் திருகினால் உயரம் மாறும். ஒரு நேரத்தில் அரைச் சுற்று மட்டும் வெளியே எடுத்து, கதவை மூடிப் பாருங்கள். அதிகம் எடுத்தால் பூட்டு விழாது, அல்லது கதவின் விளிம்பு பம்பரை விட்டு எழுந்து நிற்கும்.

உரசும் இடத்தில் ஒட்ட டெசா 51608 என்ற ஃபெல்ட் டேப் போதும். கார் ஒயரிங்குக்கென்றே செய்த டேப் அது. சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை கக்கும். டோர் பேடைக் கழற்றுவதானால் முதலில் கைப்பிடிக் குழியின் மூடிக்குள் ஒளிந்திருக்கும் டார்க்ஸ் (நட்சத்திரத் தலை) ஸ்க்ரூக்களை எடுத்து, பிளாஸ்டிக் நெம்புகோலைக் கீழ் விளிம்பில் நுழைத்துக் கிளிப் கிளிப்பாக விடுவியுங்கள். கழற்றும்போது சில கிளிப் உடையத்தான் செய்யும், முன்கூட்டியே ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். உடைந்த கிளிப்போடு திரும்ப மாட்டினால் கழற்றும் முன் இருந்ததைவிட அதிகமாகச் சத்தம் வரும்.

திறந்த கையோடு 2 மி.மீ. ப்யூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ரப்பர் போன்ற தகடு) வெளித்தகட்டின் உட்புறம் ஒட்டலாம். தகடு முழுக்க ஒட்டத் தேவையில்லை, நடுவில் கால்பங்குப் பரப்பு மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை மூடினீர்களென்றால் இரண்டு மழையில் துரு ஆரம்பிக்கும். இன்னொன்று: பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான பிரஷர் சென்சார் கதவுக்குள் இருக்கிறது. மோதலில் கதவுக்குள் காற்றழுத்தம் உயர்வதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். அதன் வாயை மூடுவதோ, உள்தகட்டின் சீலைப் பிய்த்துவிட்டு அப்படியே விடுவதோ விபரீதம்.

அடுத்து பியானோ பிளாக். பளபளவென்ற கறுப்பு பிளாஸ்டிக் ஷோரூம் விளக்கில் ஜொலிக்கும், முதல் துடைப்பிலேயே கீறல் வாங்கும். இதற்கு செராமிக் கோட்டிங் விற்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், துணி உரசலை அது தாங்காது. அளவாக வெட்டி விற்கும் பிபிஎஃப் என்ற ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம்தான் மருந்து, மேட் ரகம் என்றால் கைரேகையும் தெரியாது. கீறல் ஏற்கெனவே விழுந்திருந்தால் மென்மையான ஃபினிஷிங் பாலிஷை மைக்ரோஃபைபரில் தொட்டுக் கையால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். திரையின் மேல் மட்டும் அந்த ஆல்கஹால் படக் கூடாது, பூச்சு போய்விடும். அரை லிட்டர் தண்ணீரில் நாலைந்து சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, ஃபிலிமின் பசைப் பக்கத்தில் தெளியுங்கள். காரின் பாகத்தில் நேராகத் தெளித்தால் பட்டன் இடுக்கில் தண்ணீர் இறங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளி, ஒரு நாள் வெயிலில் நிறுத்தாமல் விடுங்கள்.

விளக்கில்லாத ஸ்லைடருக்கு மலிவான வைத்தியம், தடவினால் தட்டுப்படும் ஒளிபுகும் சின்னப் புள்ளி ஸ்டிக்கர் இரண்டு. பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் இரவில் விரல் தானாகப் போய்விடும். பின் கதவின் கெட்டி பிளாஸ்டிக்குக்குத் தோல் தைத்து ஒட்டித் தருகிறோம் என்று பட்டறைகள் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டாம். வாரத்துக்கு எத்தனை முறை பின் சீட்டில் ஆள் உட்காருகிறார்கள்?

பானட் ஸ்ட்ரட் செட், துளை போடாமல் ஏற்கெனவே இருக்கும் ஃபெண்டர் போல்ட்டிலும் கீல் போல்ட்டிலும் பிராக்கெட் மாட்டும் வகை கிடைக்கிறது. அரை மணி நேர வேலை, இரண்டு பேர் வேண்டும். பானட் மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்தபடி இருக்கும், கேஸ் சீக்கிரம் கசியாது. தலைகீழாக மாட்டியவைதான் இரண்டு வருடத்தில் பானட்டைத் தலையில் போடுகின்றன. தேவைக்கு மேல் வலுவான ஸ்ட்ரட் வாங்கினால் மூடியிருக்கும் நேரமெல்லாம் கீல் பக்கத்தை மேலே தள்ளும், நாளடைவில் பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலான இடைவெளி ஒருபக்கம் பெரிதாகும். இரண்டு பக்கமும் மாட்டுங்கள். ஒற்றை ஸ்ட்ரட் என்றால் தகடு முறுகும். முதல் தடவை மெதுவாக மூடி, எதுவும் இடிக்கவில்லையென்று பார்த்த பிறகு அழுத்துங்கள். பழைய கம்பியைக் கழற்றி எறியாதீர்கள்.

பேட்ஜ் எடுப்பது எளிது என்று எல்லோரும் சொல்வார்கள். எளிதுதான். திரும்ப ஒட்டும் எண்ணம் இருந்தால் மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பால் இடத்தைக் குறித்துவிட்டு, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு வரை காட்டி, தூண்டில் நரம்பை இரு கையாலும் பிடித்துப் பின்னால் அறுத்தபடி இழுங்கள். மீதிப் பசையைக் கட்டைவிரலால் உருட்டியெடுத்து, பசை நீக்கி போட்டு, கடைசியில் பாலிஷ். சில வருடம் வெயிலில் நின்ற கார் என்றால் எழுத்தின் நிழல் தெரியும், சுற்றியிருந்த பெயின்ட் மட்டும் வெளுத்திருப்பதால். சிவப்பில் அது பாலிஷுக்கும் போகாமல் நிற்கும். கோல்ஃபின் பின்பக்க வட்டச் சின்னத்தை நெம்பாதீர்கள், டிக்கி திறக்கும் கைப்பிடி அது. கேமரா உள்ள கார்களில் கேமராவும் அதற்குள்தான். 7.5-ல், அதாவது 7ஆம் தலைமுறையின் ஃபேஸ்லிஃப்டில், முன் சின்னம் கண்ணாடி போல் தட்டையாக இருந்தால் அதன் பின்னே க்ரூஸ் கன்ட்ரோல் ரேடார் இருக்கிறது. அதன் மேல் மெட்டாலிக் பெயின்டோ தடித்த ஸ்டிக்கரோ போட்டால் ரேடாருக்குக் கண் கட்டியது போலாகும், டேஷில் எச்சரிக்கை வரும்.

சக்கரத்துக்கும் அது அமரும் ஹப்புக்கும் இடையே தகடு வைத்து, சக்கரத்தை ஃபெண்டர் வரை வெளியே தள்ளிக் காட்டும் ஸ்பேசர் மோகம்தான் உண்மையில் ஆபத்தானது. 7, 8 தலைமுறை கோல்ஃபுக்கு 5×112 போல்ட் வட்டம் (112 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்), 57.1 மி.மீ. நடுத்துளை, எம்14×1.5 போல்ட். ஸ்பேசர் 10 மி.மீ. என்றால் போல்ட்டும் அதே 10 மி.மீ. நீளம் கூட வேண்டும். திருகும்போது எண்ணுங்கள், குறைந்தது ஏழரைச் சுற்று உள்ளே போக வேண்டும். போல்ட்டின் தோள், அதாவது சக்கரத்தில் அழுந்தி அமரும் பகுதியின் வடிவத்தைக் கவனிக்காமல் விடுவதே பெருந்தவறு. ஃபோக்ஸ்வாகன் ஒரிஜினல் அலாய்க்கு உருண்டைத் தோள், வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்புத் தோள். மாற்றிப் போட்டால் இறுக்கிய மாதிரிதான் தெரியும், ஆனால் தொடுவது ஒரு மெல்லிய வளையம் மட்டும். ஓட ஓடத் தளரும்.

5 மி.மீ. ஸ்பேசர் சின்னதுதானே என்று நினைக்கிறார்கள். ஹப்பின் நடு உதட்டை அது விழுங்கிவிடும், தனக்கென்று உதடும் இருக்காது. சக்கரம் மையத்தில் அமராமல் போல்ட்டில் மட்டும் தொங்கும், நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் பலமுறை செய்தும் நடுக்கம் போகாத கார்களில் பாதி இந்தக் கேஸ். மாட்டும் முன் ஹப் முகத்தின் துருவை ஒயர் பிரஷால் தேய்த்துவிடுங்கள், போல்ட் மரையில் கிரீஸ் தடவாதீர்கள். 7ஆம் தலைமுறைக்கு 120 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்குங்கள், 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை. எல்லாம் சரியாகச் செய்தாலும் பேரிங்குக்குச் சுமை கூடும், டயர் தெறிக்கும் கல் கதவின் அடிப்பகுதியைப் பொத்தல் போடும்.

பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் கேலிப்பருக்கு ஒட்டும் பிளாஸ்டிக் மூடி வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை இளகிச் சக்கரத்துக்குள் விழும். கேலிப்பர் பெயின்டை பிரஷால் இரண்டு மூன்று மெல்லிய கோட் அடிப்பதே மேல். ரப்பர் பூட், ஸ்லைடு பின், பேட் அமரும் முகம் மூன்றிலும் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பர் பிளேட் பல்பை எல்இடி ஆக்கியதும் மினுக்கினாலோ பல்ப் எச்சரிக்கை வந்தாலோ பல்ப் பழுதென்று அர்த்தமில்லை. பல்ப் உயிரோடு இருக்கிறதா என்று கார் அவ்வப்போது சின்ன மின்துடிப்பு அனுப்பிச் சோதிக்கும், குறைந்த மின்சாரம் இழுக்கும் எல்இடி அதில் தோற்கும். காரின் கணினி அமைப்பை மாற்ற (கோடிங்) உதவும் விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் கருவியில் விளக்கின் வகையை எல்இடி என்று மாற்றுவதே நேர்வழி. ரெசிஸ்டர் வைப்பதென்றால் அது கொதிக்கும், உலோகத்தில்தான் பதிக்க வேண்டும். 8ஆம் தலைமுறையில் எஸ்எஃப்டி என்ற பூட்டு வந்துவிட்டது. இணையம் வழியாக அனுமதி வாங்கித்தான் கோடிங் திறக்க முடியும், திறந்தது 90 நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொள்ளும். அதனால் என்னென்ன மாற்றப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எஞ்சின் உறுமலைக் கூட்டிக் காட்டும் சவுண்டாக்டர் என்ற அதிர்வுப் பெட்டி விண்ட்ஷீல்டுக்கு அடியில் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் டிரைவிங் மோடில் தனிப்பயன் அமைப்புக்குப் போய் ஒலியை அடக்கிவிடலாம், ஒயரைப் பிடுங்க வேண்டியதில்லை. போலி ஏர் வென்ட்டை மறைக்கவும் மெனக்கெட வேண்டாம். 2017 ஹோண்டா சிவிக் டைப் ஆர் பம்பர் முழுக்கப் போலி வலை, அதை மறைக்கப் போனால் இன்னும் அசிங்கமாகும்.

8-ன் தொடு ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டு பட்டன் ஸ்டீயரிங் மாட்டுவது எல்லோருக்கும் வரும் ஆசை, நியாயமான ஆசையும்கூட. ஆனால் ஏர்பேகைக் கழற்றி மாட்டும் வேலை அது. பேட்டரி இணைப்பைத் துண்டித்துக் காத்திருந்து, புது மாடியூலுக்குக் கோடிங்கும் செய்ய வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர்களுக்கும் இதே விதி. இக்னிஷன் ஓடும்போது ஒன்றைக் கழற்றினாலே ஏர்பேக் விளக்கு எரிந்துவிடும், ஸ்கேனர் இல்லாமல் அணையாது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் அலாய்க்கும் ஸ்பேசருக்கும் அதற்குரிய ஒப்புதல் சான்று இல்லாமல் சாலையில் இறங்க முடியாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து மாறுவதைத் தடுக்கிறது, காரின் நிறத்தையே ரேப்பால் மாற்றினால் ஆர்சி புத்தகத்திலும் மாற்ற வேண்டும். ஃபெல்ட் டேப்புக்கும் கதவுக்குள் ஒட்டிய ஷீட்டுக்கும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.