டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு எஞ்சின் ஆயில் கசிகிறது. சீல் போய்விட்டதா, மறுபடி கழற்ற வேண்டுமா?

கேள்வி: பத்து நாட்களுக்கு முன்பு காரில் டைமிங் பெல்ட் மாற்றினேன். அதுவரை ஒரு சொட்டு ஆயில்கூடக் கசிந்ததில்லை. இப்போது காலையில் வண்டியை எடுத்தால் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. மெக்கானிக் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். நண்பர் "கிராங்க் சீல் போச்சு, கழற்றித்தான் ஆக வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

இரண்டு பேருமே பார்க்காமல் சொல்கிறார்கள். டைமிங் பெல்ட் என்பது கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டையும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டை. அந்த இரண்டு ஷாஃப்ட்டும் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்தான் சீல். உடனே கழற்றச் சொல்லாதீர்கள். அந்த அவசரத்தால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுத்தவன் நான்.

என்னுடையது 1997ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்ற கார் அது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினைத் தொட்டுப் பார்க்காத மெக்கானிக் நம் பக்கத்தில் அரிது. சிக்கலும் அங்கேதான். அவ்வளவு பழக்கம் என்பதால் பானெட்டைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும்.

பெல்ட் மாற்றி இரண்டாம் வாரம் வாசல் சிமென்ட் தரையில் கறுப்பாக ஒரு சொட்டு. குனிந்து பார்த்தால் கிராங்க் புல்லியின், அதாவது கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள சக்கரத்தின் அடியில் ஈரம். "கிராங்க் ஆயில் சீல்தான் சார்" என்றார் மெக்கானிக். "அப்படித்தான் இருக்கும் அண்ணே" என்று நானும் பெரிய மனிதன் போலத் தலையாட்டினேன். அரை நாள் வேலை. வெளியே எடுத்த பழைய சீல் ரப்பர் என்று சொல்ல முடியாத அளவுக்கு இறுகிப் போயிருந்ததால், நோயைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இருவருக்கும் திருப்தி. நான்காம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு.

அதற்குப் பிறகுதான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.

முதலில், ஒழுகுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரம் நிற்கும் இடத்தை அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சொட்டு விழுந்த இடம் எஞ்சினின் எந்தப் பக்கத்துக்கு நேர் என்பது காலையில் தெரிந்துவிடும். பழுப்பும் கறுப்புமாக வழவழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் போல இருந்து இனிப்பு வாடை வீசினால் கூலன்ட். பல எஞ்சின்களில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதும் டைமிங் பெல்ட்தான் என்பதால், அதையும் அன்று கழற்றியிருக்கலாம். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் எண்ணெயும் சந்தேகப் பட்டியலில் உண்டு. சொட்டு கியர்பாக்ஸ் பக்கம் விழுகிறது என்றால் பெல்ட்டோடு அதை முடிச்சுப் போடாதீர்கள்.

கூடவே ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் தினமும் பாருங்கள். ஆயில் விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அது எரியும் நேரத்தில் எஞ்சினுக்குள் சேதம் தொடங்கியிருக்கலாம்.

அடுத்து, மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அன்றைக்குப் பெல்ட்டைத் தவிர வேறு எதையெல்லாம் தொட்டீர்கள்? குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், டீ குடிக்கும்போது கேளுங்கள். ஆயிலும் மாற்றினாரா? அப்படியானால் டிரெயின் போல்ட்டின் வாஷர் ஒரு சந்தேகம். ஆயில் ஃபில்டர் இன்னொன்று: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், கவனிக்காமல் புதியதை அதன் மேல் முடுக்கிவிடுவார்கள். இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் கசியும். சில நேரம் பிதுங்கி ஒரே அடியாகக் கொட்டும். இதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். பெல்ட் பக்கமே போக வேண்டியதில்லை.

என் விஷயத்தில் இந்தக் கேள்விக்கான விடை எனக்கே தெரிந்திருக்க வேண்டும். "பெல்ட் மாற்றும்போது அப்படியே டேப்பட் சத்தத்தையும் பார்த்துவிடுங்கள்" என்று சொன்னவனே நான். டேப்பட் செட்டிங், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்யும் வேலைக்கு எஞ்சினின் மேல்மூடியை, அதாவது டேப்பட் கவரைக் கழற்ற வேண்டும். கழற்றினார், செட் செய்தார், மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் பட்டை பல வருடம் சூட்டில் வெந்து இறுகியிருந்தது, அதையே திருப்பி வைத்து மூடினார். ஒருமுறை பிரித்த பழைய பேக்கிங் மறுபடி அதே பள்ளத்தில் பொருந்தி உட்காராது. அதன் ஒரு மூலையில் கசிந்த ஆயில், டைமிங் கவரின் பின்தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே சத்தமில்லாமல் இறங்கி, கிராங்க் புல்லிக்குப் பக்கத்தில் தலைகாட்டியது. கீழே நின்று பார்க்கிறவனுக்கு அது கிராங்க் சீல்தான்!

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது வீட்டிலிருந்த முகப்பவுடர். வேடிக்கையில்லை. ஆயில் புவியீர்ப்பில் கீழே வரும், வண்டி ஓடும் காற்றில் பின்னால் போகும். எனவே நனைந்திருக்கும் இடத்தில் பாதி இடம் வெறும் வழிதான். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் எது ஈரமோ அதைத்தான் தேட வேண்டும். அழுக்கு எஞ்சினில் அது தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு, டிகிரீசரும் பிரஷும் கொண்டு அந்தப் பக்கம் முழுவதையும் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள். பெல்ட் மேல் எதுவும் தெளிக்க வேண்டாம். சில நேரம் கதை இந்தக் கழுவலோடு முடிந்தும் விடும், ஏனென்றால் வேலையின்போது சிந்திய ஆயிலே கவருக்குள் தேங்கி ஒரு வாரம் வரை சொட்டும்.

காய்ந்ததும் எஞ்சின் அணைந்திருக்கும்போதே பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பிறகு கால் மணி நேரம் ஐடிலில் ஓட விட்டு, அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள். வெள்ளையில் பழுப்புக் கோடு தொடங்கும் இடம்தான் குற்றவாளி. எஞ்சின் ஓடும்போது கையையோ துணியையோ பெல்ட் பக்கம் கொண்டு போகாதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் வேண்டாம்.

கோடு டேப்பட் கவர் விளிம்பில் தொடங்கினால் உங்களுக்கு யோகம். புதிய பேக்கிங் போதும். போல்ட்டை மட்டும் ஆத்திரத்தோடு முடுக்க விடாதீர்கள், கவர் வளைந்துவிடும். டைமிங் கவரின் வெளிப்பக்கம் காய்ந்து, உட்பக்கம் நனைந்திருந்தால் சீல்களைச் சந்தேகிக்கலாம். மேல்கவரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கேம் புல்லியின் பின்னாலிருந்தே ஈரம் இறங்கினால் கேம் சீல். மேல்பாதி முழுக்கக் காய்ந்து, கீழே மட்டும் வட்டமாகத் தெறித்த தடம் இருந்தால்தான் கிராங்க் சீல். அல்லது அது உட்கார்ந்திருக்கும் ஆயில் பம்ப் கேஸின் கேஸ்கெட், அதாவது பேக்கிங்.

கிராங்க் சீல்தான் என்று உறுதியானால், புதிய சீல் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், குறிப்பாக பத்து நாட்களுக்கு முன்புதான் அது மாற்றப்பட்டது என்றால். ஏன் கசிந்தது என்று பார்க்க வேண்டும். பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கும்போது ஷாஃப்ட்டில் ஒரு கீறல் விழுந்தாலே போதும், எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. புதிய சீலின் உதட்டில், அதாவது ஷாஃப்ட்டைத் தொடும் விளிம்பில், ஆயில் தடவாமல் உலர்வாக ஏற்றினால் மடிந்துவிடும். உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் வளையம் நழுவிவிடும். சுத்தியலால் ஒரு பக்கம் மட்டும் தட்டினால் சாய்ந்து உட்காரும். இத்தனையும் சரியாகச் செய்தாலும், லட்சக்கணக்கான கிலோமீட்டர் உரசிய பழைய சீல் ஷாஃப்ட்டில் ஒரு பள்ளக்கோடு போட்டிருக்கலாம். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அனுபவமுள்ளவர்கள் இடமிருந்தால் சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்து, உதடு தேயாத பகுதியில் படும்படி செய்வார்கள்.

இன்னொன்று, எஞ்சினின் மூச்சுக்குழாய். டேப்பட் கவரிலிருந்து போகும் அந்த ரப்பர் குழாய் அடைத்திருந்தாலோ மாற்றி மாட்டும்போது மடிந்திருந்தாலோ, உள்ளே சேரும் அழுத்தத்தால் எந்தச் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் பார்ப்பவர்கள் குறைவு.

மெக்கானிக்குக்காக ஒரு வார்த்தை. பழைய எஞ்சினில் தூசியும் ஆயிலும் சேர்ந்து இறுகிய பக்கே சில நேரம் கசிவை அடைத்து வைத்திருக்கும். வேலைக்காகச் சுத்தம் செய்தால் அது வெளியே வரும். அதில் அவர் தப்பில்லை. ஆனால் பெல்ட்டுக்காக அவ்வளவையும் பிரித்தவர், இரண்டு சீல்களையும் அப்போதே மாற்றலாமா என்று உங்களைக் கேட்டிருக்க வேண்டும். சீலின் விலை கூலிக்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

பெல்ட் நனைந்திருந்தால் மட்டும் பேரம் பேசாதீர்கள். பத்து நாள் பெல்ட்டாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். பெட்ரோலில் துடைத்துப் போடுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆயில் ஊறிய ரப்பர் உப்பி, பற்கள் பிய்ந்துவிடும். பெல்ட் நழுவினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் முட்டும். அதுவரைக்கும் தொலைதூரப் பயணம் வேண்டாம்.

என் கதை இப்படி முடிந்தது. பவுடர் கோட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. புதிய பேக்கிங் வாங்கி வரப் பையனை அனுப்பினார். பெல்ட்டின் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். பெல்ட்டுக்கும் பேக்கிங்குக்கும் நான் காசு கொடுத்தேன், கூலி வேண்டாம் என்றுவிட்டார். இடையில் மாற்றிய கிராங்க் சீலின் கூலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.